அளவான உடையும் நண்பரின் சொல்லும்

கமத்தொழிலுக்கு வேண்டிய கருவிகள் எவையென்று கேட்டால் மண்வெட்டி, கத்தி, தெளிகருவி, உழவு இயந்திரம் எனக் கமக்காரர் வரிசையாகச் சொல்லுவர். தாம் உடுத்தியிருக்கும் உடையை அந்த வரிசையில் எவரும் சேர்ப்பதில்லை. நல்லதும் புதியதும் கோயிலுக்கு, கிழிந்ததும் பழையதும் வயலுக்கு என்பதே எங்கும் உள்ள வழக்கம். பெரும்பாலான வேலைகளுக்கு இவ்வழக்கத்தினால் நட்டம் ஒன்றுமில்லை. வரம்பு கட்டுபவரின் சட்டை தோளில் இறங்கியிருந்தால் என்ன, ஏறியிருந்தால் என்ன? ஆயினும், சுழலும் இயந்திரத்தின் அருகிலும் பீடைநாசினி தெளிக்கும் இடத்திலும் உடையின் அளவு வெறும் அழகைப் பற்றிய விடயமாக இருப்பதில்லை.

இதனை உணர்ந்த ஒருவர் உணராத தம் நண்பரை ஏற்கச் செய்வது எளிதான காரியமன்று. உரத்தின் அளவைப் பற்றி அயலவர் குறை சொன்னால் கமக்காரர் கேட்டுக்கொள்வார். உடுப்பைப் பற்றிக் குறை சொன்னால் முகம் கோணும். கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் குடியேற்றக் கிராமம் ஒன்றில் வாழும் நண்பர் இருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலபோகத்தில் 5 ஏக்கர் நெல் விதைப்பவர். அவரை வயற்காரர் என்போம். மற்றவர் மேட்டு நிலத்தில் கத்தரி, மிளகாய், பயற்றை ஆகியவற்றைச் செய்கை பண்ணுபவர். அவரைத் தோட்டக்காரர் என்போம். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள். ஒருவருடைய வேலைக்கு மற்றவர் கூலி வாங்காமற் போய்வரும் பழக்கம் உடையவர்கள்.

கனடாவிலிருந்து வந்த சட்டை

வயற்காரரின் மூத்த மகன் கனடாவில் இருக்கின்றான். அவன் அனுப்பிய பொதியொன்றிலே தடித்த துணியாலான நீளக்கைச் சட்டை ஒன்றும் நீளக் காற்சட்டை ஒன்றும் வந்தன. மகன் தன்னுடைய அளவுக்கு வாங்கினானோ, தகப்பனார் இன்னும் பழைய பருமனோடு இருக்கின்றார் என்று நினைத்தானோ, இரண்டும் மிகப் பெரியவையாக இருந்தன. சட்டையின் தோள் முழங்கைக்குப் பாதித் தூரம் இறங்கியது. கை விரல் நுனியையும் மூடியது. காற்சட்டையை அவர் நைலோன் கயிற்றினால் இடுப்பிலே இறுக்கிக் கட்டினார். கயிற்றின் மிச்சம் ஒரு முழம் முன்னே தொங்கியது. இந்தக் கோலத்துடன் அவர் வயலுக்குப் போகவும் வரவும் தொடங்கினார்.

தோட்டக்காரர் முதலிற் செய்தது பிழையான காரியம். சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் நாலுபேர் முன்னிலையில், “மச்சான், கத்தரித் தோட்டத்து வெருளியின் உடுப்பை நீ எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தனர். வயற்காரரும் சிரித்தார். ஆனால் மறுநாள் முதல் அவர் அக்கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சட்டையை மாத்திரம் நிறுத்தவில்லை. கேலி செய்தவர் சொன்னது சரியாக இருந்தாலும், கேலிக்குப் பயந்து உடையை மாற்றியதாக ஊர் நினைக்கக்கூடாது என்பதற்காகவே பலர் பிழையான உடையை விடாது அணிவர்.

பிறகு அவர் பயமுறுத்திப் பார்த்தார். சூடடிக்கும் இயந்திரத்திற் கை போனவர்களையும், நீரிறைக்கும் இயந்திரத்தின் பட்டியிற் சால்வை சிக்கிக் கழுத்து நெரிந்தவர்களையும் பற்றித் தாம் கேள்விப்பட்டவற்றை எடுத்துரைத்தார். வயற்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முப்பது வருடமாகச் சூடடிக்கிறேன், எனக்கு ஒரு நகமும் போகவில்லை” என்றார்.

இந்த மறுமொழி பொய்யன்று. ஆகையினால் இதனைச் சற்று ஆராய வேண்டும். முன்னாட்களில் எருமைகளைச் சுற்றி வரச் செய்து சூடு மிதித்தார்கள். பின்னர் உழவு இயந்திரத்தைக் கதிரின் மேல் ஓட்டிச் சூடடித்தார்கள். அந்த வேலைகளில் மனிதன் கையிற் பிடித்தது கோலும் வேலைக்காரக் கம்புமே. தலையிற் கட்டிய துண்டு அவிழ்ந்து விழுந்தாலும், சாரத்தின் தலைப்பு தொங்கினாலும் அதனைப் பிடித்து இழுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அக்கால உடை அக்கால வேலைக்குப் பொருத்தமாகவே இருந்தது. இன்று உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டிச் சூடடிக்கும் இயந்திரத்துக்கு, ‘பி.ரி.ஓ.’ என்று கமக்காரர் சொல்லும் வலுவெடுப்புத் தண்டு வேகத்தைக் கொடுக்கின்றது. வெட்டுதலையும் சூடடித்தலையும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரங்கள் பரவியிருக்கின்ற போதிலும், அவை இறங்க முடியாத சிறு துண்டு நிலங்களில் இவ்வியந்திரமே உதவுகின்றது. முப்பது வருட அனுபவத்தில் இருபது வருடம் சுழலும் தண்டு இல்லாத காலத்து அனுபவம் என்பதை வயற்காரர் எண்ணிப் பார்க்கவில்லை.

கயிற்றினாற் காட்டிய கணக்கு

வயற்காரரின் மனைவி ஒருநாள் தோட்டக்காரரிடம் சொன்ன வார்த்தை அவருக்கு வழி காட்டிற்று. “அந்தச் சட்டையை என்னைக்கூடக் கல்லில் அடித்துத் தோய்க்க விடமாட்டார், அண்ணை. தானே அலசிக் காயப்போடுவார்” என்றார் அவ்வம்மையார். அப்பொழுதுதான் தோட்டக்காரருக்கு விளங்கியது. தாம் சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நண்பர் தம் மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையை வீசச் சொன்னால் எந்தத் தகப்பனும் கேட்கமாட்டான்.

சூடடிப்பதற்கு முதல் நாள் மாலை இயந்திரம் களத்துக்கு வந்து நின்றது. சாரதியிடம் திறப்பை வாங்கித் தம் மடியிற் செருகிக்கொண்டு, தோட்டக்காரர் நண்பரை அழைத்தார். தண்டின் மேலிருக்க வேண்டிய பாதுகாப்புக் கூடு உடைந்து பாதியாக இருந்தது. அவர் கையிலே தும்புக் கயிறு ஒன்று இருந்தது. கயிற்றின் நுனியைத் தண்டிலே பிடித்து, நண்பரைக் கொண்டே சுற்றச் செய்தார். ஒன்பது சுற்று முடிந்ததும் நிறுத்தி, சுற்றிய கயிற்றை அவிழ்த்து நண்பரின் கையோடு வைத்து அளந்தார். தோளிலிருந்து விரல் நுனிவரை நீட்டிய கையைப்போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாக அது நீண்டது.

“இவ்வளவும் சுற்றுவதற்கு அந்தத் தண்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று நினைக்கிறாய்?”

“ஒரு நிமிடம்?”

“ஒரு விநாடி, மச்சான்.”

கணக்கு எளியது. வலுவெடுப்புத் தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது விநாடிக்கு 9 சுற்று. ஏறக்குறைய 3 அங்குல விட்டமுள்ள தண்டின் சுற்றளவு 9½ அங்குலம். ஆகவே ஒரு விநாடியில் ஏறக்குறைய 7 அடி நீளமான துணியை அது தன்மேற் சுற்றிக்கொள்ளும். துணி அகப்பட்டதை மனிதன் உணர்ந்து, கையைப் பின்னே இழுக்க எண்ணுவதற்கே அரை விநாடிக்கு மேற் செல்லலாம். அதற்குள் 3½ அடி துணி போய்விடும். சட்டைக் கையின் நீளம் 2 அடி. எஞ்சியதைக் கமக்காரரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய, நைந்த துணி சில வேளைகளிற் கிழிந்து ஆளை விட்டுவிடும். அதனை நம்பி நிற்பது புத்தியன்று. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் தடித்த துணியும் நைலோன் கயிறும் இலகுவிற் கிழியமாட்டா, அறமாட்டா. இவ்வாறு கயிற்றைச் சுற்றிக் காட்ட விரும்புவோர் இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்த பின்னரே காட்ட வேண்டும். ஓடும் இயந்திரத்தின் மேல் துணியையோ வைக்கோலையோ போட்டுக் காட்டுவது பெரும் மடைமை.

தண்டு மாத்திரமே ஆபத்தான இடம் என்று கொள்ளலாகாது. பட்டியும் கப்பியும் சந்திக்கும் இடம், கதிரை உள்ளே கொடுக்கும் வாய், தண்டிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் சுரைகளும் ஆணிகளும் ஆகிய யாவும் தொங்கும் துணியைப் பற்றிக்கொள்ளும். கதிரைக் கொடுக்கும்போது பெரிய கை, கதிரோடு சேர்ந்து உருளைக்குள் செல்லும். பெண்கள் முந்தானையை இடுப்பிற் செருகி, அதன் மேல் ஒரு சட்டை அணிந்து, கூந்தலை முடிந்து துணியால் மூடிக்கொள்வது அவசியம். சால்வையும் தலைத்துண்டும் களத்துக்கு வெளியே வேலியில் தொங்கட்டும். உழவு இயந்திரத்தை உடனே நிறுத்தக்கூடிய ஒருவர் வேறு வேலைக்குப் போகாமல் அதன் அருகிலேயே நிற்க வேண்டும். துணி அகப்பட்டால் அதனைப் பிடித்திழுக்க ஓடுபவரும் சேர்ந்தே அகப்படுவார். முதலில் நிறுத்த வேண்டியது இயந்திரத்தையே.

“அப்படியானால் நீ?”

வயற்காரர் சிறிது நேரம் பேசாது நின்றார். பின்பு அவர் கேட்ட கேள்வியைத் தோட்டக்காரர் எதிர்பார்க்கவில்லை.

“எனக்குச் சொல்ல வந்தாய், சரி. போன கிழமை கத்தரிக்கு மருந்து அடித்தபோது நீ என்ன உடுத்தியிருந்தாய்? மேலிலே ஒன்றுமில்லை. கீழே சண்டிக்கட்டு. தெளிகருவியின் மூடியாலே ஒழுகி உன் முதுகு முழுவதும் நனைந்திருந்ததை நான் வரம்பில் நின்று பார்த்தேன்.”

“கடுமையான மருந்துகளை அரசாங்கம் நிறுத்திவிட்டதுதானே” என்று தோட்டக்காரர் முணுமுணுத்தார்.

நிறுத்தியது உண்மை. பரகுவாட், டைமீதொயேட், பென்தியன் ஆகியவை 2008ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011ஆம் ஆண்டுடன் இலங்கையில் நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு முன்னரே 1995ஆம் ஆண்டில் மொனோகுரோட்டபோஸ், மெதமிடபோஸ் என்பன நிறுத்தப்பட்டன. ஆயினும் கடையில் எஞ்சியிருப்பவை தண்ணீரல்ல. அவை வாயினால் மாத்திரமே உடலுக்குள் போகும் என்று எண்ணுவோர் பலர். தெளிப்பவருடைய உடலுக்குள் நஞ்சு செல்லும் பெருவழி தோலே.

தோலும் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையதன்று. 1971ஆம் ஆண்டில் மைபாக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவிலே மனிதரின் தோலிற் பாரதியன் என்னும் பூச்சிநாசினி எந்த அளவு உள்ளே செல்கின்றது என்பதை அளந்து வெளியிட்டார்கள். முன்கையின் வழியாக 1 பங்கு செல்லுமாயின், உள்ளங்கை வழியாக 1.3 பங்கும், வயிற்றின் வழியாக 2.1 பங்கும், தலையின் வழியாக 3.7 பங்கும், நெற்றியின் வழியாக 4.2 பங்கும், ஆண்களின் விதைப்பை வழியாக 11.8 பங்கும் சென்றன. கையை மாத்திரம் சவர்க்காரத்தினாற் கழுவிவிட்டுச் சோறு உண்ண அமரும் கமக்காரர் இந்த எண்களை இன்னொரு முறை வாசிப்பாராக. நனைந்த பயிர்களின் நடுவே சாரத்தை மடித்துக் கட்டி நடப்பவரின் தொடையும் அதற்கு மேலும் நனைகின்றன. நனைந்த சாரம் மாலைவரை அவ்விடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நஞ்சு மிக எளிதாக நுழையும் இடத்துக்கு ஈரத்துணியைக் கட்டிவைப்பதற்கு இது சமம்.

தோட்டக்காரரிடம் மறுமொழி இல்லை. வெட்கம் அடைந்த அந்த நேரமே காரியத்தைக் கைகூட வைத்தது என்று சொல்ல வேண்டும். போதிப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்று இருந்த நிலை மாறி, குற்றமுள்ளவர்கள் இருவராயினர். “சரி, மச்சான். நீ உன் சட்டையை அளவாக்கு. நான் ஒரு சோடி தைப்பிக்கிறேன். இப்பொழுதே போவோம்” என்றார். சட்டையை வீசுவது என்ற பேச்சே எழவில்லை.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியவை

சந்தித் தையற்காரர் கலியாணச் சட்டை தைப்பவர். வேலைச் சட்டைக்கு அளவெடுக்கச் சொன்னதும் முதலிற் சிரித்தார். இங்கே அளவுகளை விரிவாகச் சொல்வது பயனுள்ளது. ஏனெனில் தையற்காரருக்கு இயந்திரத்தைப் பற்றித் தெரியாது, கமக்காரருக்குத் தையலைப் பற்றித் தெரியாது.

சட்டையின் உடற் சுற்றளவு மார்பின் சுற்றளவைவிட 4 அங்குலம் கூடியிருந்தாற் போதும். தோள் தையல் தோள் எலும்பிலேயே நிற்க வேண்டும். கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். அங்கே பட்டி வைத்துத் தெறி பூட்டினால் ஒரு விரல் நுழையும் இடமே இருத்தல் நன்று. கையை முழங்கைவரை சுருட்டிவிடுவது தீர்வாகாது. வேலையின் நடுவே அது அவிழும். சட்டையின் கீழ்ப்பகுதி காற்சட்டைக்குள் நிற்குமளவு நீளமாக இருக்க வேண்டும். வெளியே பெரிய பைகள் வேண்டா. குனியும்போது பையிலிருந்து கைத்தொலைபேசி விழ, அதனைப் பிடிக்கக் கை தானாகவே நீளும். இயந்திரத்துக்கு அது போதும்.

காற்சட்டை இடுப்பிலே கயிறின்றி நிற்க வேண்டும். நாடா வைப்பதாயின் உட்புறமாக முடிந்து செருகுதல் வேண்டும். கால் கணுக்காலில் முடிந்து, குதிக்கால் நுழையுமளவு ஒடுங்கியிருத்தல் நலம். தைத்து முடிந்ததும் அணிந்துகொண்டு கடையிலேயே குந்தி எழும்பிப் பார்க்க வேண்டும், இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பார்க்க வேண்டும். கடையில் நிற்போர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குந்தும்போது தொடையிற் பிடித்தால் அது வயலுக்கு உதவாது.

இதிலிருந்து இறுக்கமான உடையே நல்லது என்று எவரும் எண்ணலாகாது. இளைஞர் பலர் உடலோடு ஒட்டிய டெனிம் காற்சட்டையுடன் களத்துக்கு வருகின்றனர். அது இயந்திரத்திற் சிக்குவது குறைவு. ஆனால் குனிய விடாது, வெயிலில் உடலை வேக வைக்கும், மருந்து பட்டால் ஈரத்தைத் தோலோடு அழுத்திப் பிடிக்கும், அவசரத்திற் கழற்றவும் முடியாது. துணி பருத்தியாக இருத்தல் நல்லது.

தெளிப்பதற்கென வேறொரு சோடி வேண்டும். அதே அளவுதான், கழுத்துவரை தெறி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். முதுகுக்கும் தெளிகருவிக்கும் இடையில் நீர் ஊறாத பிளாத்திக்குத் தாள் ஒன்றைத் தோளிலிருந்து தொங்கவிட்டுக் கட்டினால் மூடியின் ஒழுக்கு சட்டையை நனைக்காது. மூடியின் இறப்பர் வளையத்தை மாற்றுவது அதிலும் நல்லது. காற்சட்டையின் காலைச் சப்பாத்துக்குள்ளே செருகாது வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வடியும் மருந்து சப்பாத்தினுள் நிறையும். கையுறையும் கைக்கு அளவாக இருத்தல் வேண்டும். இறப்பர்ச் சப்பாத்து இரண்டு அளவு பெரியதானால் சேற்று வயலில் நடப்பது எப்படி என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கால் வெளியே வரும், சப்பாத்து சேற்றிலே நிற்கும். இவ்வளவையும் வெயிலேறிய பின் அணிந்து தெளிக்க எவராலும் இயலாது. ஆகையால் காற்றும் வெயிலும் எழுமுன் காலையிலே தெளித்து முடிப்பதே முறை.

பருத்தித் துணி சிறு துளிகளைத் தடுக்கும். முழுவதும் நனைந்துவிட்டாலோ அதுவே நஞ்சைத் தோலோடு வைத்திருக்கும். உடனே கழற்றி, உடலைச் சவர்க்காரமிட்டு நிறைய நீரினாற் கழுவ வேண்டும். தெளித்த உடையைப் பிள்ளைகளின் உடுப்புடன் சேர்த்துத் தோய்க்கலாகாது. தனி வாளியில், சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு தோய்த்து வெயிலிற் காயவிட வேண்டும். இதனைப் பெரும்பாலும் செய்பவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கும் கையுறை வேண்டும் என்பதை ஆண்கள் மறந்துவிடுகின்றனர். கலக்காத மருந்து கொட்டி ஊறிய உடையை எவ்வளவு தோய்த்தாலும் மீண்டும் அணியாது ஒதுக்கிவிட வேண்டும்.

களத்திலும் தோட்டத்திலும்

மறுநாட் காலை வயற்காரர் களத்துக்கு வந்தபோது சட்டை அதே சட்டைதான். ஆனால் தோள் தோளில் நின்றது, கை மணிக்கட்டில் முடிந்தது. தையற்காரர் இரவிரவாக வேலை செய்திருந்தார். காற்சட்டைக்கு நேரம் போதாமையால் அன்றைக்குப் பழைய அரைக் காற்சட்டையுடனேயே வேலை செய்தார். அதில் தொங்குவதற்கு ஒன்றும் இல்லை. சாரதியிடம் தண்டின் கூட்டை மாற்றும்படி சொன்னார். கூடு வரும்வரை தண்டின் பக்கம் எவரும் போகாதபடி இரண்டு தடிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். அது கூட்டுக்கு ஈடாகாது. அடுத்த வயலுக்குப் போகுமுன் சாரதி புதிய கூட்டைப் பொருத்தினார்.

தோட்டக்காரரின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. புதிய சோடியை அணிந்து இரண்டு முறை தெளித்தார். மூன்றாம் முறை மிளகாய்க்கு அடிக்கும்போது, சிறிய துண்டுதானே என்று மீண்டும் சண்டிக்கட்டுடன் இறங்கினார். வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளிற் போன வயற்காரர் இறங்கிவந்து, ஒன்றும் பேசாமல் வரம்பிலே குந்திக்கொண்டார். தோட்டக்காரர் தெளிகருவியை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உடுத்தி வரும்வரை அவர் அவ்விடத்தை விட்டு எழும்பவில்லை.

அன்றிரவு மகனோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசியபோது, “அப்பா, நான் அனுப்பிய சட்டை தோய்த்ததிற் சுருங்கிவிட்டதோ?” என்று மகன் கேட்டான். தையற்காரரிடம் கொடுத்த கதையைத் தகப்பனார் சொன்னார். அடுத்த பொதிக்கு அளவு கேட்டு எழுதிக்கொண்டான் மகன். வெட்டி எடுத்த துணித்துண்டுகளை வயற்காரரின் மனைவி வீசவில்லை. அவற்றை இணைத்து ஒரு பை தைத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்தார். அதிலே இப்பொழுது அடுத்த போகத்துக்கான பயற்றை விதை கிடக்கின்றது.